பச்சைத் தண்ணீரை விளக்குப் பக்கம் இழுப்பது: நெல்லை வட்டாரத்துக்கு ஒரு செய்முறை

குளத்துத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து ஜன்னலோரம் வைத்தால் மறுநாள் காலையில் ஒரு பக்கம் மட்டும் பச்சையாகத் தெரியலாம். அதைப் பார்த்ததும் "பாசி வெளிச்சத்தைத் தேடிப் போயிருக்கிறது" என்று நோட்டில் எழுதிவிட வேண்டாம். மிதந்து ஒதுங்கியிருக்கலாம். வெயில் சூட்டில் பாட்டிலுக்குள் எழுந்த நீரோட்டம் தள்ளியிருக்கலாம். வெளிச்சம் பட்ட பக்கத்தில் கூடுதலாக வளர்ந்தும் இருக்கலாம். உண்மையிலேயே நீந்திப் போகிற பாசி என்றால் பத்து இருபது நிமிஷத்தில் தெரிந்துவிடும், ஒரு ராத்திரி தேவையில்லை. அந்த இருபது நிமிஷத்தைச் சரியாக அமைப்பதற்குத்தான் இந்தச் செய்முறை.

எது நீந்தும், எது நீந்தாது

பச்சைத் தண்ணீர் எல்லாம் ஒன்றல்ல. நமக்கு வேண்டியது கிளமிடோமோனாஸ் அல்லது யூக்ளினா. கிளமிடோமோனாஸ் சுமார் 10 மைக்ரோமீட்டர் அளவுள்ள ஒற்றைச் செல். முன்பக்கம் இரண்டு கசையிழைகள், அதாவது வீசி நீந்த உதவும் நூல் போன்ற இழைகள், உண்டு. யூக்ளினா நீளமானது, பொதுவாக 50 மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது ஒரே ஒரு கசையிழை. வால்வாக்ஸ் கிடைத்தால் அதிர்ஷ்டம்: கூட்டமாக வாழ்வது, வெறும் கண்ணுக்கே சிறு பச்சை உருண்டையாக உருண்டு போவது தெரியும்.

குளோரெல்லா தண்ணீரைக் கரும்பச்சையாக்கும், ஆனால் அதற்குக் கசையிழை கிடையாது. எத்தனை விளக்கு காட்டினாலும் அசையாது. கரையோரம் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல ஆடை படிந்திருந்தால் அது பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ். அது நீலப்பச்சைப் பாக்டீரியா. உள்ளே இருக்கும் காற்றுப் பைகளால் மேலே மிதக்கிறது, நீந்துவதில்லை. அதன் சில வகைகள் கல்லீரலைத் தாக்கும் நச்சைச் சுரப்பவை. ஆகவே ஆடை படிந்த தண்ணீரைத் தொடாமல் விட்டுவிடுங்கள். நூல் நூலாக வரும் பாசியும் நமக்கு உதவாது.

எங்கே எடுப்பது

தாமிரபரணிக்குப் போக வேண்டாம். ஓடும் தண்ணீரில் நீந்தும் பாசி நிலைத்து நிற்காது. கல்லில் ஒட்டிய டயாட்டம் என்னும் பாசிதான் அதிகம் கிடைக்கும். தேங்கிய, கொஞ்சம் சாணமோ உரமோ கலந்த, ஆழமில்லாத தண்ணீர்தான் வேண்டும். இந்த வட்டாரத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

முதல் இடம் வயல். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் பிசானப் பருவ நெல் நடவு முடிந்த வயலில் தேங்கி நிற்கும் தண்ணீர் யூரியாவும் டிஏபியும் விழுந்த சில நாளில் பசுமை ஏறிவிடும். எடுக்கும் முன் வயல்காரரிடம் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: களைக்கொல்லி போட்டாச்சா, என்றைக்குப் போட்டீங்க? நட்ட சில நாளுக்குள் பூட்டாகுளோர், பிரெட்டிலாகுளோர் போடுவது வழக்கம். அவை பாசியையும் விட்டுவைக்காது. மருந்து போட்ட வயலில் எடுத்த தண்ணீர் பார்க்கப் பச்சையாக இருக்கும், ஆனால் உள்ளே பாதி செத்திருக்கும். அப்புறம் விளக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டாவது, எருமை கிடக்கும் குட்டையும் கழுவாத மாட்டுத்தொட்டியும். யூக்ளினாவுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. நண்பகலில் குட்டையின் மேல் செங்கல் நிறத்தில் ஒரு படலம் இருந்து, அதுவே சாயங்காலம் பச்சையாக மாறினால் அது யூக்ளினா சாங்குவினியா. கடும் வெயிலில் செல்லுக்குள் இருக்கும் சிவப்பு நிறமித் துகள்கள் வெளிப்பக்கம் பரவிப் பச்சையத்துக்கு நிழல் கொடுக்கின்றன. வெளிச்சம் குறைந்ததும் நடுவில் ஒடுங்கிவிடுகின்றன. ஒரே இடத்தை மத்தியானம் ஒரு முறையும் இருட்டும் முன் ஒரு முறையும் பார்த்தாலே போதும், மைக்ரோஸ்கோப் இல்லாமலே அடையாளம் கிடைத்துவிடும்.

கூந்தன்குளத்துக்குப் போய்ப் பாட்டிலை முக்க வேண்டாம். அது பறவைகள் சரணாலயம். மழை பெய்து நாலைந்து நாள் கழித்து உங்கள் தெருமுனைப் பள்ளத்தில் நிற்கும் தண்ணீரே இந்த வேலைக்குப் போதும். ஊருக்குள் சாக்கடை கலக்கும் குளத்தில் எடுத்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

காலை பத்து மணிக்குள் எடுங்கள். அரை லிட்டர் பாட்டிலில் பாதிதான் நிரப்ப வேண்டும், மீதி காற்றுக்கு. ஈரத்துண்டைச் சுற்றி எடுத்து வாருங்கள். வண்டி டிக்கிக்குள் போட்டு மூடி ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தினால் வீட்டுக்கு வந்து சேர்வது பச்சைக் கஞ்சிதான். சித்திரை, வைகாசியில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. இந்தப் பாசிகளுக்கு 20 முதல் 25 டிகிரி சுகம். 35-ஐத் தாண்டினால் நீச்சல் தளரும். ஐப்பசியிலிருந்து தை வரை தோதான காலம்.

வீட்டில் இறக்கியதும்

பாட்டிலின் மூடியைத் திறந்து, நேர் வெயில் படாத வடக்குப் பார்த்த ஜன்னலில் வைத்து இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். மண் அடியில் படியட்டும். பிறகு மேல்தண்ணீரைப் பழைய வேட்டித் துணி நாலு மடிப்பில் வடிகட்டுங்கள். கண்ணுக்குத் தெரியும் தண்ணீர்ப் பூச்சிகளைப் பிரிக்கத்தான் இது. டாஃப்னியா போன்ற அந்தப் பூச்சிகள் பாசியைத் தின்பவை. ஒரு குடும்பம் உள்ளே இருந்தால் போதும், இரண்டு நாளில் தண்ணீர் தெளிந்துவிடும். தவிர, அவையும் வெளிச்சத்துக்கு எதிர்வினை காட்டுகிறவை என்பதால் புதியவர்கள் அவற்றின் ஓட்டத்தைப் பாசியின் ஓட்டம் என்று நினைத்துக்கொள்வதுண்டு.

அடுத்தது கொஞ்சம் அழகான வேலை: ஒளியை வைத்தே சுத்தம் செய்வது. வடிகட்டிய தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, சுற்றிலும் கருப்புச் சார்ட் பேப்பர் ஒட்டி, மேல் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஓட்டை விட்டு, அதன் முன் எல்இடி டார்ச்சை ஒரு சாண் தள்ளி வையுங்கள். அரை மணி நேரத்தில் ஓட்டைக்கு நேரே கண்ணாடியில் ஒரு பச்சைத் திட்டு சேரும். அதை மட்டும் டிராப்பரால் உறிஞ்சி, சுத்தமான தண்ணீருள்ள இன்னொரு டம்ளரில் விட்டு, மறுபடியும் அதே வேலை. மூன்று சுற்று முடிந்தால் உங்களிடம் இருப்பது பெரும்பாலும் நீந்துகிற, வெளிச்சத்துக்கு வருகிற செல்கள். குளோரெல்லாவும் சேறும் பின்தங்கிவிடும்.

சுத்தமான தண்ணீர் என்றதும் கேன் தண்ணீரை எடுக்காதீர்கள். இங்கேதான் நிறையப் பேருடைய சோதனை படுக்கிறது. ஆர்ஓ தண்ணீரில் கால்சியம் மிகக் குறைவு. இந்தச் செல்கள் கசையிழையைத் திருப்புவதே வெளியிலிருந்து உள்ளே பாயும் கால்சியத்தை நம்பித்தான். ஆர்ஓ தண்ணீரில் நீந்தும், ஆனால் திசை தெரியாமல் சுற்றும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள். ராதாபுரம், வள்ளியூர் பக்கம் சில போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதுவும் ஆகாது. நல்ல கிணற்றுத் தண்ணீர் கிடைத்தால் கொதிக்க வைத்து ஆறவைத்து, ஆர்ஓ தண்ணீருடன் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம். பாத்திரம் கழுவும் சோப்பு துளி ஒட்டியிருந்தாலும் செல் சவ்வு தாங்காது, ஆகவே டம்ளரை வெந்நீரில் நாலைந்து முறை அலசுங்கள்.

முக்கியமான சோதனை

பாத்திரம் தட்டையான சுவர் கொண்டதாக இருக்க வேண்டும். ஸ்வீட் கடைகளில் தரும் ஒளி ஊடுருவும் செவ்வக டப்பா அருமையாகப் பொருந்தும். வட்டப் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் அதுவே லென்ஸாகி, எதிர்ச் சுவரில் ஒளியைக் குவித்துப் பிரதிபலிக்கும். செல்களுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் சமிக்ஞை வரும், உங்களுக்குத் தலைவலி வரும்.

டப்பாவில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு மட்டும் பாசித் தண்ணீர் ஊற்றுங்கள். ஆழம் அதிகமானால் புவியீர்ப்பு குறுக்கே வந்துவிடும். கிளமிடோமோனாஸும் யூக்ளினாவும் இருட்டிலும் மேல்நோக்கி நீந்தும் பழக்கம் உள்ளவை. அதனால்தான் விளக்கை மேலே வைத்துச் செய்யும் சோதனை எதையும் நிரூபிக்காது. விளக்கு எப்போதும் பக்கவாட்டில், தண்ணீர் மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும்.

அடர்த்தி இப்படி இருக்கட்டும்: டப்பாவுக்குப் பின்னால் பிடித்த தினசரியின் தலைப்பு எழுத்துகள் தெளிவாகப் படிக்க வர வேண்டும், ஆனால் தண்ணீரில் பச்சை தெரிய வேண்டும். அடர்த்தி கூடினால் முன்வரிசைச் செல்கள் பின்வரிசைக்கு ஒளியை மறைத்துவிடும்.

மூன்று பக்கமும் கருப்புத் தாள், விளக்குப் பக்கம் மட்டும் திறந்திருக்கட்டும். உள்ளே ஒளி சிதறாமல் இருக்க எதிர்ச் சுவருக்கு மங்கலான கருப்புத் தாள்தான் சரி, பளபளப்பானது வேண்டாம். ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து மூடி, கால் மணி நேரம் இருட்டில் விடுங்கள். செல்கள் சீராகப் பரவட்டும். பிறகு போன் டார்ச்சுக்கு முன் ஒரு பட்டர் பேப்பரை ஒட்டி 20 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து ஏற்றுங்கள்.

கிளமிடோமோனாஸ் வினாடிக்குச் சுமார் 100 மைக்ரோமீட்டர் போகும். அதாவது நிமிஷத்துக்கு 6 மில்லிமீட்டர். ஆறு சென்டிமீட்டர் டப்பாவைக் கடக்க நேராகப் போனால் பத்து நிமிஷம். சுருள் சுருளாகத்தான் போகும் என்பதால் பதினைந்து இருபது நிமிஷம் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நிமிஷத்திலேயே எதிர்ப்பக்கம் வெளுக்கத் தொடங்கும், விளக்குப் பக்கம் ஒரு பச்சைக் கோடு தடிக்கும். பார்த்ததும் எதிர்ச் சுவர்த் தாளை எடுத்து இந்தப் பக்கம் வைத்து, விளக்கை எதிர்ப்பக்கம் மாற்றி வையுங்கள். கோடு கலைந்து திரும்பி வர வேண்டும். திரும்பி வருவதுதான் ஆதாரம். ஒரு தடவை ஒதுங்கியதை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது.

கூடவே இரண்டாவது டப்பா ஒன்று கட்டாயம் வேண்டும். அதே பாசித் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கி ஆறவைத்து ஊற்றுங்கள். செத்த செல்கள். அந்த டப்பாவிலும் விளக்குப் பக்கம் பச்சை சேர்ந்தால் நீங்கள் பார்ப்பது நீரோட்டம் அல்லது மேசைச் சரிவு. குண்டு பல்பைப் பயன்படுத்தினால் இது அடிக்கடி நேரும், சூடு ஒரு பக்கத் தண்ணீரை எழுப்பிவிடும். எல்இடி போதும்.

பகல் ஒன்பதிலிருந்து நான்குக்குள் செய்யுங்கள். இந்தச் செல்களுக்கு உள்ளே ஒரு நாள்கடிகாரம் ஓடுகிறது. ஒளிக்கு வரும் ஆர்வம் பகலில் கூடி இரவில் குறைகிறது.

செல்லுக்குள் என்ன நடக்கிறது

கிளமிடோமோனாஸின் இடுப்புப் பக்கத்தில், கசையிழைகள் அடிக்கும் தளத்திலிருந்து சுமார் 45 டிகிரி தள்ளி, ஆரஞ்சுச் சிவப்பில் ஒரு புள்ளி இருக்கும். பள்ளி மைக்ரோஸ்கோப்பில் 40 மடங்கு லென்ஸைப் போட்டால் தெரியும். அதுதான் கண்புள்ளி. அதில் கரோட்டினாய்டு என்னும் நிறமி நிறைந்த மணிகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. ஒளியை உணர்வது அந்த மணிகள் அல்ல. அவற்றுக்கு நேர் மேலே சவ்வில் பதிந்திருக்கும் சேனல்ரோடாப்சின் என்னும் புரதம். வெளியிலிருந்து வரும் ஒளியை அடுக்குகள் கண்ணாடியாகத் திருப்பி அனுப்பிப் புரதத்துக்கு இரட்டிப்பாகக் கொடுக்கின்றன. உடலின் மறுபக்கத்திலிருந்து வரும் ஒளியை மறைத்துவிடுகின்றன. ஆகவே செல் ஒரு பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறது.

ஒரே ஒரு கண், அதுவும் படம் காட்டாத கண். அதை வைத்துத் திசை எப்படிக் கிடைக்கும்? செல் வினாடிக்குச் சுமார் இரண்டு முறை தன் அச்சில் சுழன்றுகொண்டே நீந்துகிறது. ஒரு கன்னத்தை மட்டும் முறத்தால் மறைத்துக்கொண்டு வெயிலில் தட்டாமாலை சுற்றுகிறவருக்கு மறைக்காத கன்னத்தில் சூடு வந்து வந்து போகும் அல்லவா, அதே நிலைமைதான் இங்கே. பாதை ஒளிக்குக் குறுக்காக இருக்கும்வரை வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வரும். ஒளியை நோக்கி நேராகிவிட்டால் அந்த மினுக்கல் நின்றுவிடும். மினுக்கல் நிற்கும்வரை செல் திரும்பிக்கொண்டே இருக்கிறது.

திரும்புவது இப்படி. கண்ணில் ஒளி பட்டதும் சேனல்ரோடாப்சின் திறந்து மின்னூட்டமுள்ள அயனிகள் உள்ளே பாய்கின்றன, கால்சியம் அளவு மாறுகிறது. இரண்டு கசையிழைகளும் கால்சியத்துக்கு ஒரே மாதிரி பணிவதில்லை. கண்ணுக்குத் தூரத்துக் கசையிழை பலமாக வீசினால் செல் கண் இருக்கும் பக்கம், அதாவது ஒளிப் பக்கம் வளையும். கண்ணுக்கு அருகிலுள்ளது பலமாக வீசினால் விலகும். கசையிழை வினாடிக்கு ஐம்பது முறைபோல அடிப்பதால் இந்தத் திருத்தம் நொடிக்குள் முடிகிறது. திடீரென்று கண்கூசும் ஒளி அடித்தால் இதெல்லாம் கிடையாது. நின்று, அரை நொடிபோலப் பின்னோக்கி நீந்தி, மறுபடி கிளம்பும்.

கண்புள்ளி நிறமி இல்லாத திரிபுச் செல்கள் எதிர்த்திசையில் போகின்றன என்று 2016-இல் காட்டப்பட்டது. செல்லின் உருண்டை உடலே லென்ஸாகி, பின்னாலிருந்து வரும் ஒளியைக் கண் இருக்கும் இடத்தில் குவித்துவிடுகிறது; மறைக்க நிறமி இல்லாததால் செல் ஏமாந்து போகிறது. நிறமி அங்கே அலங்காரத்துக்கு இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

சேனல்ரோடாப்சின் 2002, 2003 ஆண்டுகளில் அடையாளம் காணப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அதை நரம்புச் செல்களுக்குள் வைத்து ஒளியால் இயக்கினார்கள். பார்வை இழந்த ஒருவருக்கு ஓரளவு பார்வை மீண்டதாக 2021-இல் வந்த மருத்துவ அறிக்கையிலும் பாசியிலிருந்து வந்த இதே குடும்பத்துப் புரதம்தான்.

யூக்ளினாவின் வழி வேறு. அதன் சிவப்புப் புள்ளி நிழல் போடும் வேலையை மட்டும் செய்கிறது. உணர்வது கசையிழையின் அடிப்பகுதியில் உள்ள ஒரு புடைப்பு. அதிலிருக்கும் புரதம் நீல ஒளி பட்டதும் சமிக்ஞை மூலக்கூறு ஒன்றைத் தயாரிக்கிறது. இதுவும் 2002-இல் தெரியவந்தது.

நிறத்தை மாற்றிப் பார்ப்பது

கலர் கண்ணாடித் தாளை நம்பாதீர்கள், எல்லாத் தாளும் வேறு நிறங்களையும் கசியவிடும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஐந்து மில்லிமீட்டர் எல்இடி நீலம், பச்சை, சிவப்பு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் 220 ஓம் ரெசிஸ்டர் போட்டு 5 வோல்ட் போன் சார்ஜரில் கொடுங்கள். சிவப்பில் 13 மில்லியாம்பியர் ஓடும், நீலத்தில் 8 போல. சிவப்புக்குக் கூடுதல் மின்சாரம் போயும் கிளமிடோமோனாஸ் அசையாது, நீலத்துக்கு ஓடி வரும். ஆகவே இந்த ஏற்றத்தாழ்வு உங்கள் முடிவைக் கெடுக்காது, பலப்படுத்தத்தான் செய்யும். அதற்கு அதிகம் பிடிக்கும் ஒளி 500 நானோமீட்டர் பக்கம், நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில்.

இதிலிருந்து ஒரு உபயோகம்: சிவப்பு விளக்கில் நீங்கள் பார்க்கலாம், அது உங்களைக் கண்டுகொள்ளாது. மைக்ரோஸ்கோப்பின் வெள்ளை விளக்கு செல்லைக் குழப்பும் என்பதால் அதன் மேல் சிவப்புத் தாள் இரண்டு மடிப்பு வைத்து, பக்கத்திலிருந்து நீல எல்இடி காட்டுங்கள். செல்கள் ஓடிக்கொண்டே இருந்தால் பஞ்சு இழை நாலைந்தைக் கவர்சிலிப்புக்கு அடியில் விட்டால் இடுக்கில் மாட்டும். கசையிழையைப் பார்க்க ஆய்வக அயோடின் ஒரு துளி விட்டு, ஒளித்துளையைக் குறுக்குங்கள். செல் செத்துவிடும், ஆனால் இரண்டு இழையும் தெரியும்.

வராவிட்டால்

விளக்குக்கு எதிர்ப்பக்கம் போய்ச் சேர்கிறதா? தோல்வி இல்லை. ஒளி மிகுதியானால் விலகிப் போவது இவற்றின் இயல்பு. பட்டர் பேப்பரை இன்னொரு மடிப்பு வையுங்கள், அல்லது விளக்கை ஒரு மீட்டருக்குத் தள்ளுங்கள். குவிக்காத சின்ன எல்இடியை ஒரு மீட்டரிலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் ஒளி 400 மடங்கு கூடும், அந்த இடைவெளிக்குள் எங்கோ செல்கள் மனம் மாறும். அந்தத் தூரத்தைக் கண்டுபிடிப்பதே தனியாக ஒரு நல்ல சோதனை. ஒரு கூட்டம் வரவும் இன்னொரு கூட்டம் போகவும் செய்தால் மாறும் எல்லையில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். செல்லின் உள்நிலை, குறிப்பாக ஆக்சிஜனேற்ற அழுத்தம், எந்தப் பக்கம் போவது என்பதைப் பாதிக்கிறது.

எல்லாம் அடியில் படிந்து கொழகொழவென்று இருந்தால் செல்கள் கசையிழையை விட்டுவிட்டுக் கூழுக்குள் ஒடுங்கியிருக்கின்றன. பழைய தண்ணீரிலும், சூடு பட்ட தண்ணீரிலும் இது நடக்கும். பத்துக்கு ஒரு பங்கு எடுத்துப் புதுத் தண்ணீரில் கலந்து ஓர் இரவு விடுங்கள், காலையில் நீந்தும். எலுமிச்சையோ வினிகரோ பட்ட பாத்திரமானாலும் கசையிழை உதிரும்; நல்ல தண்ணீருக்கு மாற்றினால் இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி முளைத்துவிடும்.

பரவலாக நீந்துகிறது, ஆனால் எந்தப் பக்கமும் போகவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரின் கால்சியம், அடுத்தது சுவர்களின் பிரதிபலிப்பு.

தொடர்ந்து வளர்க்க

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய கிணற்றுத் தண்ணீருக்கு 19:19:19 உரம் 0.1 கிராம். உரக்கடையில் தண்ணீரில் கரையும் வகை என்று கேளுங்கள். வீட்டுத் தராசு இவ்வளவு சிறிய எடையைக் காட்டாது. ஒரு கிராமை 100 மில்லியில் கரைத்து அதிலிருந்து பத்து மில்லி எடுங்கள். அதிகம் போட்டால் பாக்டீரியாதான் கொழிக்கும். யூக்ளினாவுக்கு இந்த உரம் தேவையில்லை: கால் லிட்டர் தண்ணீரில் வேகவைத்த கோதுமை நாலு மணி போதும். பாட்டிலின் வாயைப் பஞ்சால் அடையுங்கள், மூடி போட்டு இறுக்க வேண்டாம். மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் பாட்டிலை ஈரமணல் தட்டில் இறக்கி வையுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கைப் புதுத் தண்ணீருக்கு மாற்றுங்கள். மீதியைச் செடிக்கு ஊற்றலாம். ஆய்வகத்திலிருந்து வாங்கிய வளர்ப்பானால் மட்டும் கொதிக்க வைத்துக் கொட்டுங்கள், குளத்தில் விடாதீர்கள்.